பைத்தானின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாட்யூலில் டெசிமலும் (தசம எண்ணை அப்படியே துல்லியமாக வைக்கும் வகை) ஃப்ளோட்டும் (தோராயமாக வைக்கும் வகை) கலந்து கொடுத்தால் டைப்எரர், அதாவது வகை பொருந்தாத பிழை, வருகிறது. எல்லாவற்றையும் ஃப்ளோட் ஆக்கிவிடலாமா?

உயரம், எடை, வெப்பநிலை மாதிரி அளந்து எடுத்த எண்கள் என்றால் தாராளமாக ஆக்குங்கள். பைத்தான் ஆவணமே மேப் ஃபங்ஷன் போட்டு ஒரே வகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் டெசிமல் என்கிறீர்களே, டேட்டாபேஸிலிருந்து வரும் பணக் கணக்காகத்தான் இருக்கும். அப்படியென்றால் வேண்டாம்.

சராசரிக்கான மீன் ஃபங்ஷன் முரண்டு பிடிப்பது நல்லதற்குத்தான். முழு எண்ணான இன்ட்டோடு எது சேர்ந்தாலும் அது ஒத்துக்கொள்ளும். பின்ன வகையான ஃப்ராக்ஷனும் ஃப்ளோட்டும் சேர்ந்தால் ஃப்ளோட் தரும். டெசிமலோடு ஃப்ளோட்டோ ஃப்ராக்ஷனோ வந்தால் மட்டும் கையை விரித்துவிடும்.

ஆளைக் கவிழ்ப்பது மீடியன், அதாவது வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்கும் ஃபங்ஷன். எங்கள் அலுவலகத்தில் கொள்முதல் விலைகளுக்கு மீடியன் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. பழைய விலைகள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து டெசிமலாக வரும், புது விலைகள் எக்செலிலிருந்து ஃப்ளோட்டாக. சில மாதம் ஓடும், சில மாதம் படுத்துவிடும். சர்வர் கோளாறு என்றே எல்லோரும் சாதித்தார்கள். நான்தான் மாட்யூலின் நிரலையே திறந்து பார்த்தேன். டெசிமலையும் ஃப்ளோட்டையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்த பைத்தானுக்குத் தடையில்லை. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் நடுவில் இருப்பதை அப்படியே எடுத்துத் தந்துவிடும். டெசிமல் 10.50, ஃப்ளோட் 11.25, டெசிமல் 12.00 கொடுத்தால் 11.25 வரும். இன்னொரு டெசிமல் 9.75 சேருங்கள், நடுவில் 10.50-உம் 11.25-உம் வந்து நிற்கும். இரண்டையும் கூட்டப்போகும்போதுதான் பிழை.

எக்செல் எண் உள்ளே வரும்போதே முதலில் எஸ்டிஆர் (எழுத்து வடிவம்), அப்புறம் டெசிமல் என்று மாற்றிவிடுங்கள். 0.1 என்ற ஃப்ளோட்டை நேரடியாக டெசிமலுக்குக் கொடுத்தால் 0.1000000000000000055… என்று நீளும்.

‘நம்பை (NumPy) லைப்ரரி இருக்கே’ என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: இந்தக் கலவையை அது வகை பார்க்காத ஆப்ஜெக்ட் அரே ஆக்கிவைத்து, கூட்டும்போது அதே டைப்எரரைத்தான் தரும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாட்யூலிலேயே பைத்தான் 3.8-இல் வந்த எஃப்மீன் எல்லாவற்றையும் ஃப்ளோட்டாக்கி வேகமாக முடிக்கும். பைசா கணக்கு வேண்டாதவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும், நான் சண்டைக்கு வரவில்லை.

இதையெல்லாம்கூட சமாளித்துவிடலாம். விலைக் கட்டத்தில் ‘1,250/-’ என்று அடித்து, பக்கத்திலேயே ‘வண்டி வாடகை தனி’ என்று எழுதி அனுப்புகிறார்களே, அவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கேட்டால் பிரின்ட் எடுத்தால் பார்க்க நன்றாக இருக்குமாம். அந்த ஃபைல்களை இப்போதெல்லாம் திறந்த கையோடு திருப்பி அனுப்பிவிடுகிறேன்.