ஹீமோகுளோபின் 10.4, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 62, எம்சிஎச் 18.6. ஆறு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எம்சிஎச் பக்கத்தில் கீழே பார்க்கும் அம்புக்குறியை விடுங்கள். அதே தாளில் ஆர்பிசி கவுண்ட், அதாவது சிவப்பணு எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்குமே, அது எவ்வளவு? நீங்கள் எழுதவில்லை, பரவாயில்லை, கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். ஹீமோகுளோபினைப் பத்தால் பெருக்கி ஆர்பிசியால் வகுத்தால் வருவதுதான் எம்சிஎச். ஒரு சிவப்பணுவுக்குள் சராசரியாக எத்தனை பிக்கோகிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற கணக்கு. 27 முதல் 32 வரை சாதாரணம். 104ஐ 18.6ஆல் வகுத்தால் உங்கள் ஆர்பிசி சுமார் 5.6 மில்லியன். ரத்தசோகை உள்ளவருக்கு இது அதிகம்.

இரும்புச்சத்து குறைந்தால் எலும்பு மஜ்ஜைக்குச் சரக்கு போதாது. அணுவும் சிறுக்கும், எண்ணிக்கையும் நாளடைவில் குறையும். தலசீமியா மைனர் என்ற பரம்பரை நிலையில் இரும்புக்குப் பஞ்சமில்லை, ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபின் சங்கிலி செய்வதில்தான் குறை. அதனால் மஜ்ஜை குட்டிக் குட்டி அணுக்களாக நிறையச் செய்து தள்ளும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க 1973 முதல் ஒரு சின்னக் கணக்கு உண்டு, மென்ட்சர் இன்டெக்ஸ் என்பார்கள். எம்சிவியை ஆர்பிசியால் வகுக்க வேண்டும். 13க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே என்றால் தலசீமியா பக்கம். உங்களுக்கு 62 வகுத்தல் 5.6, அதாவது 11. உடனே யாரும் சண்டைக்கு வர வேண்டாம்: இது சல்லடைதான், தீர்ப்பு இல்லை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

அடுத்து முதலில் ஃபெரிட்டின் பாருங்கள், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை அது. 15க்குக் கீழே போனால் இரும்புக் கையிருப்பு காலி. காய்ச்சல், தொற்று இருக்கும்போது எடுக்காதீர்கள், பொய்யாக ஏறிக் காட்டும். பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி முறையில், ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை எவ்வளவு என்று பாருங்கள். 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா மைனர். வரிசையை மாற்றக் கூடாது. இரும்பு குறைவாக இருக்கும்போது ஏ2வும் இறங்கி, உள்ளதை மறைத்துவிடலாம். குறை பீட்டா சங்கிலியில் இல்லாமல் ஆல்ஃபா சங்கிலியில் என்றால் ஏ2 சாதாரணமாகவே வரும், அதற்கு மரபணுச் சோதனைதான்.

ஃபெரிட்டின் குறைவாகவே வந்தால் மாத்திரையை எதோடு விழுங்கினீர்கள் என்று யோசியுங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை மூன்றுமே இரும்பை உறிஞ்ச விடாது. ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்கும். ஏறாமல் ஆறு மாதம் அதே மாத்திரையை எழுதிக்கொண்டிருப்பது எனக்குப் புரியவே இல்லை.

இன்னொரு எரிச்சல், மாதுளை. நிறம் சிவப்பு என்பதற்காக ரத்தம் ஊறும் என்று கிலோ கிலோவாக வாங்குகிறார்கள். 100 கிராம் மாதுளையில் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. அந்தக் காசுக்கு ஈரல் வாங்கலாம்.

ஏ2 கூடுதலாக வந்து, குழந்தைக்குத் திட்டமிருந்தால் கணவரோ மனைவியோ, அவருக்கும் இதே சோதனையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இருவருக்கும் பீட்டா மைனர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான வகை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.