வெளிநாட்டில் மாட்டிறைச்சிப் பண்ணை, ஃபீட்லாட், இறைச்சி ஆலை எல்லாம் சுற்றிப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் இந்தப் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். திருமங்கலத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, உளுந்தம் பொட்டு, மக்காச்சோள மாவு. அப்பா காலத்துக் கடை. மாட்டுக்கறி நான் சாப்பிடுவதில்லை, சாப்பிடுகிறவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. ஆகவே கறியின் ருசியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மாடு என்ன தின்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

2023 ஏப்ரலில் மகளைப் பார்க்க பிரிஸ்பேன் போனோம். மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவரின் அண்ணன் ஒரு ஃபீட்லாட்டில், அதாவது மாட்டைப் பட்டியில் அடைத்துத் தானியம் போட்டுக் கறிக்காகக் கொழுக்க வைக்கும் இடத்தில், தீவனக் கணக்குப் பார்க்கிறவர். "மாமா, உங்க தொழில்தான் அங்க பெருசா நடக்குது, பாக்க வர்றீங்களா?" என்றார் மாப்பிள்ளை. அப்படி அமைந்ததுதான் மூன்று நாள் சுற்று. எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்தது ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து மாநிலத்து டார்லிங் டவுன்ஸ் பகுதி.

பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம். முதலாவது செருப்பு. விமானத்தில் கொடுக்கும் அட்டையில், கடந்த 30 நாளில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகள் பக்கமோ போனீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். வீட்டுக்காரி காதோரம், "இல்லைன்னு போட்டுட்டுப் பேசாம இருங்க" என்றாள். நான் தினமும் மாட்டோடு புழங்குகிறவன், ஆமாம் என்றே போட்டேன். அதிகாரி திட்டவில்லை, பெட்டியைத் திறந்து என் தோல் செருப்பைப் புரட்டி அடியைப் பார்த்தார். விரலிடுக்கில் எப்போதோ காய்ந்த சாணி. எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கொடுத்தார்கள். அந்த நாட்டில் கோமாரி கடைசியாக வந்தது 1872-ல். 2022-ல் பக்கத்து இந்தோனேசியாவில் பரவியதிலிருந்து இன்னும் உஷார். நாமோ வருஷத்துக்கு இரண்டு முறை ஊசி போட்டும் கோமாரியோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். நான் போன பண்ணையில், இந்தியாவிலிருந்து வந்து ஏழு நாள் கழியாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். புதுச் செருப்பும் துவைத்த உடையும் கொண்டுபோங்கள். இறங்கிய மறுநாளே பண்ணை என்று திட்டம் போடாதீர்கள்.

இரண்டாவது, 'கியூ காய்ச்சல்' ஊசி. 1930-களில் அதே பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளிகளுக்கு இனம் தெரியாத காய்ச்சல் வந்தது. காரணம் புரியாததால் 'கேள்விக்குறிக் காய்ச்சல்' என்ற பொருளில் ஆங்கிலத்துக் கியூ எழுத்தையே பெயராக வைத்தார் டெரிக் என்ற மருத்துவர். ஆடு மாட்டின் நஞ்சுக்கொடி, சிறுநீர், சாணித் தூசி வழியாகத் தொற்றும் கிருமி அது. இப்போது ஊசி போடாதவர்களைப் பல ஆலைகளில் வெட்டுக்கூடத்துக்குள் விடுவதில்லை. ஊசிக்கு முன்னால் தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, போட்ட பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு. எனக்கு இதெல்லாம் அங்கே போய்த்தான் தெரிந்தது. அதனால் ஆலையில் குளிர் அறைப் பக்கம் மட்டும் பார்த்தேன். உங்களுக்கு முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பிரிஸ்பேனிலிருந்து மேற்கே மலை ஏறி டூவூம்பாவைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், நம்ம ஊர். சத்தியமாகச் சொல்கிறேன், கள்ளிக்குடி தாண்டி விருதுநகர் போகிற வழி மாதிரியே கரிசல் காடு. வெடிப்பு விட்ட கறுப்பு மண், ஒரு பக்கம் பருத்தி, ஒரு பக்கம் அறுவடைக்கு நிற்கும் செஞ்சோளம். வரப்பு மட்டும் இல்லை. ஒரு காட்டின் இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது.

கன்று ஈன்று வளர்க்கும் மேய்ச்சல் பண்ணையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புல், ஆங்கஸ் என்கிற கறுப்புக் கறி இனப் பசு, காலடியில் கன்று, காதில் மின்னணுத் தோடு. அந்தத் தோடு எண்ணை வைத்து மாடு பிறந்த இடத்திலிருந்து வெட்டுக்கூடம் வரை போன வழியெல்லாம் தெரிந்துவிடும். அரை நாள் போதும்.

ஃபீட்லாட்டுக்குத்தான் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும், அதுவும் விடிவதற்கு முன்னால் போக வேண்டும். பத்து மணிக்குச் சுற்றுலா வண்டியில் போய் இறங்கினால் படுத்து அசைபோடும் மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பத்தாயிரத்துக்கு மேல் மாடு, வரிசை வரிசையாகப் பட்டி, ஒவ்வொரு பட்டியின் முன்னாலும் சாலையோரமாக நீளத்துக்கு சிமென்ட் தொட்டி. நாங்கள் ஐந்தரைக்குப் போனபோது ஒருவர் சின்ன வண்டியில் ஊர்ந்துகொண்டே டார்ச் அடித்துத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு போனார். மாட்டை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேற்றுப் போட்டதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து ஒரு எண் போடுகிறார். நக்கித் துடைத்திருந்தால் பூஜ்யம், அங்கங்கே கொஞ்சம் கிடந்தால் ஒன்று, அப்படியே கிடந்தால் நாலு. அந்த எண்ணை வைத்துத்தான் அன்றைக்கு அந்தப் பட்டிக்கு எத்தனை கிலோ என்று முடிவாகிறது. துடைத்த தொட்டியைப் பார்த்து நான் மாதிரி ஆள், "நல்லாத் தின்னுருக்கு" என்று சந்தோஷப்படுவேன். அவர்களுக்கு அது எச்சரிக்கை. பசியோடு நிற்கும் மாடு அடுத்த வேளை அள்ளி அடிக்கும், அமிலம் ஏறிப் படுத்துவிடும்.

இது எனக்கு ஏட்டுப் பாடம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டு நாலாம் ஈத்து மாடு ராத்திரி கட்டை அவிழ்த்துக்கொண்டு கிட்டங்கிக்குள் புகுந்து மக்காச்சோள மாவு மூட்டையில் பாதியைக் காலி பண்ணிவிட்டது. காலையில் பார்த்தால் வயிறு உப்பி, கண் உள்ளே போய், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடக்கிறது. டாக்டர் சோடா உப்புக் கரைத்து ஊற்றிப் பார்த்தார், உச்சிப் பொழுதுக்குப் போய்விட்டது. மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் அண்டா நிறையப் பொங்கலை வைத்து மாட்டைக் கொல்கிறோமே, அதே கதைதான். வைக்கோல் தின்று பழகிய வயிற்றில் தானியத்தைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் பெருகவே நாளாகும். அங்கே புதிதாக வந்த மாட்டுக்கு முதலில் வைக்கோலும் சைலேஜும் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) தான் அதிகம். படிப்படியாகத் தானியத்தை ஏற்றி, மூன்று வாரம் போல ஆன பிறகுதான் முழுத் தீவனம். அதில் முக்கால் பங்குக்கு மேல் தானியம். என் மாடு ஒரே ராத்திரியில் அந்த மூன்று வாரத்தைத் தாண்டப் பார்த்தது.

தீவன ஆலைக்குள் போனதும் கடைக்காரன் புத்தி வந்துவிட்டது. ஒரு மலையளவு பருத்திக்கொட்டை, பஞ்சு ஒட்டியபடி. கரும்புப் பாகு டாங்கி. சோளம், பார்லி. நான் விற்கிற சரக்குதான், மூட்டையில் இல்லாமல் மலையாகக் கிடக்கிறது. ஆனால் சோளத்தை அவர்கள் அரைப்பதில்லை. உயரமான தொட்டியில் நீராவியில் வேகவைத்து, சுடச்சுட இரண்டு உருளைக்கு நடுவில் விட்டு நசுக்குகிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். சிவப்பு ஓரம் வைத்த அவல்! மெல்லிசாக, வெதுவெதுப்பாக, கம்பங்கூழ் கிண்டும்போது வரும் வாசனை. ஒரு ஆள் லிட்டர் குவளையில் அதை நிரப்பி எடை போட்டுக்கொண்டே இருந்தார். எடை கூடினால் அவல் தடிமன், உருளையை இறுக்கு.

ஏன் இவ்வளவு பாடு என்று மாப்பிள்ளை வழியாகக் கேட்டேன். தீவனக் கணக்கர் பட்டிக்குள் குனிந்து காய்ந்த சாணி ஒன்றை எடுத்து உதிர்த்துக் காட்டினார். ஒரு முழுச் சோளம்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது. நம்ம வீடுகளில் மாட்டுச் சாணியைக் கோழி கிளறிக் கிளறிக் கொத்துமே, அது என்ன பொறுக்குகிறது? மாட்டுக்குப் போட்ட காசைத்தான். சோளத்தின் மாவுச்சத்து லேசில் செரிக்காது, வேகவைத்து நசுக்கினால்தான் மாட்டுக்கு ஒட்டும். ஆங்கஸ் மாதிரி மாடு ஒரு கிலோ எடை ஏற ஆறு ஏழு கிலோ தீவனம் தின்கிறது. பத்தாயிரம் வாயில் அந்தக் கணக்கு கொஞ்சம் சறுக்கினால் என்ன ஆகும்!

குதிரையில் இரண்டு பேர் பட்டிக்குள் மெதுவாகச் சுற்றினார்கள், ஒரு பெண், ஒரு ஆண். தொட்டிக்குக் கடைசியாக வருகிற மாடு, காது தொங்குகிற மாடு, மூக்கு ஒழுகுகிற மாடு, இதைப் பிரித்து மருத்துவப் பட்டிக்கு ஓட்டுவது அவர்கள் வேலை. புதிதாக வந்த மாடுகளுக்கு மூச்சுக்குழாய் நோய்தான் பெரிய எதிரி. மருந்து கொடுத்தால், அது உடம்பிலிருந்து இறங்கும்வரை வெட்டுக்கு அனுப்பக் கூடாது. அதற்கும் காதுத் தோட்டில் கணக்கு. நம்ம கீதாரிகள் தோடு இல்லாமலே இருநூறு மாட்டில் எது நேற்றுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்வார்கள், அது வேறு விஷயம். சாணியும் வீணாவதில்லை. பட்டியைச் சுரண்டி மக்கவைத்து அதே கரிசல் காட்டுக்கே விற்கிறார்கள். நம்ம ஊரில் புலிக்குளம் மாட்டைக் கிடை போட்டு, காட்டுக்காரரிடம் காசும் நெல்லும் வாங்குகிறோமே, மாடு நடந்து போய்ப் போடுவதற்குப் பதிலாக லாரி போகிறது. அவ்வளவுதான்.

'உயர்தரம்' என்கிற சங்கதி பெரும்பாலும் நாள் கணக்கு. சாதாரணமாக 'தானியம் தின்றது' என்று முத்திரை பெற 100 நாள். வாக்யூ என்கிற ஜப்பான் இனத்து ரத்தம் உள்ள மாடு என்றால் 350, 400 நாளுக்கு மேல்கூட நிற்கிறது. எடை மெதுவாகத்தான் ஏறும், ஆனால் தசைக்குள் கொழுப்பு இழை இழையாக ஓடும். அதைத்தான் மார்ப்ளிங் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 0 முதல் 9 வரை மதிப்பெண், ஜப்பானில் 12 வரை. மாடு உயிரோடு நிற்கும்போது இதை யாரும் கண்ணால் சொல்ல முடியாது. சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் பக்கத்தில் வளர்ந்தவன் நான். கண்ணால் எடையைச் சொல்வார்கள், அஞ்சு கிலோ முன்னே பின்னே இருக்கும். அவர்களும் இங்கே கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

அதை அறுத்துப் பார்த்துச் சொல்கிற குளிர் அறைதான் ஆலையில் நான் பார்த்த இடம். வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலை, பூட்ஸ் கழுவி உள்ளே போனால் குளிர் எலும்பைக் குத்துகிறது. பாதியாகப் பிளந்த உடல்கள் கொக்கியில் வரிசையாகத் தொங்குகின்றன. 12-வது, 13-வது விலாவுக்கு இடையே ஒரு வெட்டு. தரம் பிரிப்பவர் விளக்கடித்து, மாதிரி அட்டையை ஒட்டிவைத்துக் கறியின் நிறம், கொழுப்பின் நிறம், மார்ப்ளிங் மூன்றையும் பார்க்கிறார். பிறகு ஒரு ஊசியைச் செருகி அமில அளவு (pH எண், இது கூடினால் அமிலம் குறைவு என்று அர்த்தம்). 5.7-க்கு மேலே காட்டினால் கறி கறுத்துப் போயிருக்கும், உயர்தரப் பட்டியலிலிருந்து நீக்கம். காரணம், மாடு கடைசி நாளில் மிரண்டு ஓடியோ சண்டை போட்டோ தசையிலிருந்த சர்க்கரைச் சத்தைச் செலவழித்துவிட்டது. 400 நாள் தீவனம் ஒரு நாள் மிரட்சியில் போச்சு. அதனால்தான் இறக்கும் இடத்தில் கத்தக் கூடாது, தடி கூடாது, வளைந்த சுவர் வைத்த பாதையில் முன்னால் இருப்பது தெரியாமல் மாடு தானாக நடக்க வேண்டும். கருணை என்றும் சொல்லலாம், கணக்கு என்றும் சொல்லலாம். நம்ம ஊரில் லாரியில் அடைத்து, வாலை முறுக்கி ஏற்றுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு எப்படியோ நிம்மதியாக இருந்தது.

அன்று ராத்திரி நெல்பேட்டையில் கறிக்கடை வைத்திருக்கும் பாய்க்கு வாட்ஸாப்பில் பேசினேன். அவருக்கு ஒரே கேள்வி. "அண்ணே, அறுக்குறதுக்கு முன்னாடி அடிச்சு மயக்குறாங்களாமே, ஹலால்னு எப்படி சொல்றாங்க?" அங்கே சொன்னதை அப்படியே சொன்னேன்: மண்டையைத் துளைக்காத தட்டு, அறுக்காமல் விட்டால் மாடு எழுந்துவிடும், அறுப்பவர் முஸ்லிம். பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்காளுகள்ல ஒத்துக்கிறவனும் இருக்கான், ஒத்துக்காதவனும் இருக்கான். அது கெடக்கட்டும், எலும்பை என்னண்ணே பண்றாய்ங்க?" என்றார். அவர் தொழில் அவருக்கு.

இதைப் பார்த்துவிட்டு மதுரைப் பக்கம் ஒரு ஃபீட்லாட் வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், வேண்டாம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வயது தாண்டி, உழவுக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயம், தீராத நோயால் முடங்கிவிட்டது என்றோ சான்று வாங்கித்தான் தமிழ்நாட்டில் மாட்டை வெட்ட முடியும். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாவது எருமைக் கறி. கறிக்கென்றே மாட்டைக் கொழுக்க வைக்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. என் கடையில் மாட்டுக்குக் காசு பார்க்காமல் தீவனம் வாங்குகிறவர்கள் மார்கழி, தை மாதத்தில் வரும் ஜல்லிக்கட்டுக் காளைக்காரர்கள்தான். இந்தப் பாடத்தை ஆட்டுக்கு வேண்டுமானால் கொண்டுவரலாம். திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கொட்டில் ஆடு வளர்த்துக் கொண்டுவருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களிடம், தானியத்தை மூன்று வாரத்தில் ஏற்றுங்கள், விடிகாலையில் தொட்டியைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

வீட்டுக் கொல்லையில் எனக்கே பதினான்கு ஆடு. ஊருக்கு வந்த வாரம் ஒரு படிச் சோளத்தை ஊறப்போட்டு, இட்லிக் கொப்பரையில் வேகவைத்து, உரலில் போட்டு உலக்கையால் இடித்தேன். அவல் வரவில்லை, களி மாதிரி ஒரு வஸ்து வந்தது. ஆடுகள் சண்டை போட்டுத் தின்றன. வீட்டுக்காரி கொப்பரையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆஸ்திரேலியா போயி இதைத்தான் படிச்சிட்டு வந்தீகளாக்கும்" என்றாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு தொட்டியைப் பார்த்தேன். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பூஜ்யம்.