திட்டமிட்ட சிசேரியனுக்கு முன் எழும் பயம்: அறுவை அரங்கச் செவிலியரின் பதில்கள்

கேள்வி: அடுத்த வாரம் எனக்குச் சிசேரியன். முதுகில் ஊசி என்று நினைத்தாலே நடுங்குகிறது. மாத்திரை இல்லாமல் பயத்தைத் தணிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. 14 ஆண்டுகளாக அறுவை அரங்கில் நான் கண்டது, என்ன நடக்கப்போகிறது என்று அறிந்து வருபவர்கள் குறைவாகவே பதறுகிறார்கள் என்பதுதான். அரங்கு குளிராக இருக்கும். மேசையின் ஓரத்தில் அமர்த்தி, தலையணையை அணைத்தபடி முதுகை வளைக்கச் சொல்வோம். மருந்து இறங்கியதும் கால்கள் கதகதப்பாகிக் கனத்துவிடும். அறுவையின்போது கூர்மையான வலி இருக்கக் கூடாது. இருந்தால் உடனே சொல்லுங்கள். ஆனால் வயிற்றை இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், அது இயல்பே. மார்பு வரை மரத்துப்போகும்போது மூச்சு வரவில்லை என்று தோன்றலாம். மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், அவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்.

இன்றிலிருந்தே காலையும் மாலையும் 5 நிமிடம், மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஊசிக்கு முன் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்த ஒரு பெண்ணோடு சேர்ந்து நானும் எண்ணினேன். பத்தாவது மூச்சுக்குள் அவருடைய விரல்கள் தளர்ந்து, காதோரம் ஏறியிருந்த தோள்கள் இறங்கின. தயவுசெய்து அறுவைக் காணொளிகளைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பாட்டுக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். இசை பதற்றத்தை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. முன்கூட்டியே அனுமதி பெற்று, நாங்கள் பேசுவதும் காதில் விழும்படி ஒரு காதில் மட்டும் கேளுங்கள்.

கேள்வி: லாவெண்டர் எண்ணெய்?

பதில்: சான்று போதாது, வாந்தி உணர்வு இருப்பவர்களுக்கு வாசனையே தொல்லையாகலாம்.

கேள்வி: 37 வாரம் முடிந்துவிட்டது. ரோகிணி நட்சத்திரத்தில் பிறக்க வேண்டும் என்று மாமியார் நாள் குறித்துவிட்டார். சரியா?

பதில்: மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரத்துக்கு முன் வேண்டாம். அதற்கு முன் சிசேரியனில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம் வருகிறது. நட்சத்திரத்துக்காக நுரையீரலை அவசரப்படுத்தாதீர்கள்.

இடையில் ஒரு தாத்தா: நாள் பார்ப்பது குடும்பத்துக்கு மன அமைதி தருகிறது. அதுவும் மருந்தில்லா வழிதானே, அம்மா?

பதில்: ஐயா, அந்த அமைதியை நான் மதிக்கிறேன். 39 வாரம் கடந்தபின், மருத்துவர் தரும் நாள்களுக்குள் நல்ல நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் நிமிடத்தைக் குறிக்காதீர்கள். இரத்தப்போக்கோடு வேறொரு தாய் வந்துவிட்டால் அரங்கு அவருக்குத்தான். அப்படித் தள்ளிப்போன ஒரு நாளில், காத்திருந்த பெண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் கடந்ததும், குழந்தைக்குக் கெடுதல் வந்துவிடும் என்று விம்மத் தொடங்கினார். வெளியே உறவினர்களுக்கு அமைதி தந்த நேரம் உள்ளே அவருக்குச் சுமையானது.

அதே தாத்தா: அப்படியானால் நேரத்தை அவளிடம் சொல்லாமல் நாங்களே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அது மிக நல்ல யோசனை, ஐயா. தாமதமானால் அவரைக் குறை சொல்லாமலும் இருங்கள்.

கேள்வி: அந்த ஊசியால் ஆயுள் முழுவதும் முதுகுவலி வருமாமே?

பதில்: இன்று நான்காம் முறையாக வரும் கேள்வி. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம்; நீண்டகால முதுகுவலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

கேள்வி: முதல் பிரசவம் அவசரச் சிசேரியன். அந்த அறை இன்றும் கனவில் வருகிறது. மூச்சுப் பயிற்சி போதுமா?

பதில்: போதாது, சகோதரி. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணிலும் தமிழில் பேசலாம். மயக்க மருத்துவரை அறுவைக்குச் சில நாள் முன்பே சந்தித்து, சென்ற முறை எந்த நொடியில் பயந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். காணொளிகள் உங்களுக்கு அறவே வேண்டாம்.