கேளுங்க சொல்றோம்: பார்சிலோனாவுல எதுக்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: ஜூன் லீவுல அம்மாவையும் கூட்டிட்டு பார்சிலோனா போறோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி டிக்கெட், கூட்டிப் பாத்தா தலை சுத்துது. எதுக்கு உள்ள போகணும், எதை ரோட்டுல நின்னு பாத்தா போதும்? அம்மாவுக்கு முட்டி வலி வேற. – வாசகி, ஈசூன்

பதில்: ஒண்ணே ஒண்ணுன்னா சக்ராடா ஃபமீலியா தேவாலயம்தான், யோசிக்கவே வேணாம். 1882ல ஆரம்பிச்ச வேலை, அடுத்த வருஷமே கௌடின்னு ஒரு கட்டடக் கலைஞர் கைக்கு வந்துச்சு, 1926ல ட்ராம் மோதி அவரு போய்ச் சேர்ந்தாரு, அவரு போயும் கட்டிக்கிட்டே இருந்தாங்க. போட்டோல பாத்தாச்சேன்னு வெளியவே நின்னுடாதீங்க, விஷயமே உள்ளதான், தூணெல்லாம் மேல போகப் போக கிளை கிளையா பிரியும், காலை வெயில் வர்ற பக்கம் கண்ணாடி நீலமும் பச்சையும், சாயங்கால வெயில் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும், அதனால சாயங்கால ஸ்லாட்டா பாத்து ஆன்லைன்ல முன்கூட்டியே எடுத்துடுங்க. கோபுரத்துக்கான எக்ஸ்ட்ரா டிக்கெட் அம்மாவுக்கு வேணாம், ஏறத்தான் லிஃப்ட், இறங்குறது குறுகலான சுழல் படி.

கௌடி கைவண்ணத்துல உருவான வீடுங்க காசா பாட்லோ, காசா மிலா ரெண்டுமே பசேய்க் தே கிராசியா ரோட்டு மேலயே நிக்குது, வெளிய பாத்தா போதும் (பசங்க அடம் புடிச்சா காசா மிலா மொட்டை மாடிக்கு மட்டும் தலையாட்டுங்க). மிச்சமாகுற காசுல சான்ட் பாவ் பழைய ஆஸ்பத்திரிக்குப் போங்க, தேவாலயத்துலேர்ந்து நேரா ஒரே ரோடு, நடந்தே போயிடலாம். தொமெனெக் இ மொந்தானேர்னு இன்னொரு கட்டடக் கலைஞர் கட்டினது, நோயாளி கண்ணுக்கு வெயிலும் கலரும் தோட்டமும் படணும்னு தனித்தனி கட்டடமா போட்டு, எல்லாத்தையும் பூமிக்கடியில சுரங்கப் பாதையால இணைச்சிருக்காரு. 2009 வரைக்கும் நிஜமாவே அங்க வைத்தியம் பாத்தாங்க. கூட்டம் கம்மி, என்னைக் கேட்டா காசா பாட்லோவை விட இதான் ஒசத்தி.

கேள்வி: அங்க ரோட்டு முனையில எல்லாம் கட்டட மூலையை சீவி விட்டிருக்காங்களே, ஏன்? – வாசகர், ஜூரோங்

பதில்: 1859ல செர்தான்னு ஒரு இன்ஜினியர் போட்ட பிளான் அது. மதிலுக்குள்ள நெருக்கியடிச்சு காலரால செத்துக்கிட்டிருந்த ஊரு, வெளிய விரிவாக்கும்போது ஒவ்வொரு புளோக்கும் 113 மீட்டர் சதுரம், வண்டி திரும்பவும் எதிர்ல வர்றது தெரியவும் மூலை வெட்டு. நடுவுல தோட்டம் வரணும்னாரு, நம்ம புளோக்குக்குக் கீழ திறந்து கிடக்குற வாய்ட் டெக் மாதிரி எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு, ஆனா நிலம் வச்சிருந்தவங்க சும்மா விடுவாங்களா, முக்கால்வாசியை கட்டிடம் கட்டி அடைச்சிட்டாங்க.

கேள்வி: பார்க் குவெல் போகணுமா? – அதே ஈசூன் வாசகி

பதில்: முட்டி வலியோட மெட்ரோல போயி மேடு ஏறாதீங்க, டாக்சி புடிச்சு கர்மெல் ரோட்டு வாசல்ல இறங்குங்க. 60 மனை போட்டு பணக்காரங்களுக்கு விக்கப் பாத்த எஸ்டேட் அது, வாங்க வந்தவங்க ரொம்பக் கம்மி, கடைசியில பார்க் ஆயிடுச்சு! மேல மைதானத்துல விழுற மழைத்தண்ணி கீழ இருக்குற தூணுக்குள்ள இறங்கி தொட்டிக்குப் போற மாதிரி கட்டியிருக்காரு கௌடி, அந்த 86 தூணையும் அம்மாவுக்குக் காட்டுங்க. இதுக்கும் நேரம் குறிச்ச டிக்கெட்தான்.