தாயின் எச்சிலும் குழந்தையின் பல்லும்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, சூடு பார்ப்பதற்காக ஒரு வாய் நான் உண்டுவிட்டு, அதே கரண்டியால் அவளுக்கு ஊட்டுவது வழக்கம். சென்ற மாதம் என் கடைவாய்ப் பல்லில் சொத்தையை அடைக்கச் சென்றபோது, என் வாயிலுள்ள கிருமி குழந்தைக்கும் சேரும் என்றார் மருத்துவர். மாமியாரோ, பெற்றவள் எச்சிலால் பிள்ளைக்குக் கெடுதல் வராது என்கிறார். எது சரி?
ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: மருத்துவர் கூறியது சரியே. சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவை 1924-இல் கிலியன் கிளார்க் என்பவர் கண்டறிந்தார். பின்னாளில் மரபணுக்களை ஒப்பிட்டபோது, தாயின் வாயில் இருந்த அதே வகையே பல குழந்தைகளின் வாயிலும் இருப்பது தெரிந்தது. தந்தை, பாட்டி, காப்பகத்துப் பிள்ளைகள் ஆகியோரிடமிருந்தும் அது வரக்கூடும் என்பதால், பழியைத் தாய் ஒருத்தியின் மேல் போட வேண்டியதில்லை. பல்லின் கடினமான பரப்பில் ஒட்டி வாழ்வது இதன் இயல்பு. 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெரும்பாலான குழந்தைகளிடம் இது 19 முதல் 31 மாதங்களுக்குள் முதன்முதலாகத் தென்பட்டது. அதற்கு முன்பே தொற்றுவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. உங்கள் மகள் அந்தப் பருவத்தை ஒட்டியே இருக்கிறாள்.

மாமியாரின் சொல்லிலும் உண்மை உண்டு. பிரசவத்தின்போதும் தாய்ப்பாலின் வழியாகவும் தாயிடமிருந்து வரும் நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை நன்மையே செய்கின்றன. எனவே முத்தமிடுவதை நிறுத்த வேண்டாம். கரண்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மட்டும் போதுமென்று நம்பிவிடாதீர்கள், ஒரே வீட்டில் வாழ்பவர்களிடையே எச்சில் பல வழிகளில் கலக்கத்தான் செய்யும்.

உண்மையில் தொற்றைவிட எனக்குக் கவலையளிப்பது சர்க்கரைதான். இந்த பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக மாற்றுகிறது, அதே சர்க்கரையிலிருந்து பிசின் போன்ற படலத்தை உண்டாக்கிப் பல்லில் பற்றிக்கொள்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் பற்களில் அந்த அமிலம் வெகுநேரம் தங்கிவிடுகிறது. இன்றே வெளிச்சத்தில் அவள் மேலுதட்டை மெல்லத் தூக்கி, ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல வெண்மை தெரிகிறதா என்று பாருங்கள். அதுவே சொத்தையின் முதல் அடையாளம். குழி விழுவதற்கு முன்னே கவனித்தால் ஃபுளோரைடு சிகிச்சையால் தடுத்து நிறுத்தலாம்.

அரிசி மணியளவு ஃபுளோரைடு பற்பசையால் காலையிலும் படுக்கும் முன்பும் நீங்களே அவளுக்குப் பல் துலக்கிவிடுங்கள். உங்கள் பற்களுக்கான சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். தாயின் வாயில் இக்கிருமி குறையக் குறைய, குழந்தைக்குச் சேர்வதும் குறையும். முதல் பிறந்தநாளுக்குள்ளேயே குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை செல்லும்போது மகளை அழைத்துச் செல்லுங்கள், பகலில் அவளுக்கு ஊட்டுபவர் மாமியார் என்றால் அவரையும்.