விசாவில் இருக்கும்போது ஹாம் லைசென்ஸ் கிடைக்குமா?

எச்-1பி விசாவில் டெக்சாஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது, குடியுரிமை இல்லாமல் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் மற்றவர்களோடு பேசுவது) லைசென்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. தாராளமாக எடுக்கலாம். வெளிநாட்டு அரசின் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான் தடை. இங்கே ஒரு தபால் முகவரியும் மின்னஞ்சலும் இருந்தால் போதும்.

பரீட்சைக்கெல்லாம் பயப்படாதீர்கள். முதல் நிலையின் பெயர் டெக்னீஷியன். 35 கேள்விகளில் 26 சரியானால் பாஸ். கேள்வித் தொகுப்பு முழுவதும் விடையோடு வெளியிலேயே கிடைக்கிறது; பிளஸ் டூ தேர்வைப் பார்த்து வந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மோர்ஸ் (புள்ளி-கோடு தந்திக் குறி) தேர்வை 2007லேயே நீக்கிவிட்டார்கள். லைசென்ஸ் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசிக்கு 35 டாலர் கட்ட வேண்டும். தேர்வை நடத்தும் தன்னார்வலர்கள் தனியாகக் கொஞ்சம் வாங்கலாம். லைசென்ஸ் 10 வருடம் செல்லும்.

நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். விண்ணப்பத்தில் தரும் தபால் முகவரியை எஃப்சிசி தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது தெரியாமல் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். ஒரு பி.ஓ. பாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையான கஷ்டம் அப்புறம்தான் வரும். கால் சைன், அதாவது லைசென்ஸோடு தரும் அடையாளக் குறி, கிடைத்து இரண்டு மாதம் நான் வாயே திறக்கவில்லை. என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று கூச்சம். நம் சிக்னலை வாங்கி இன்னும் தூரத்துக்கு அனுப்பும் உள்ளூர் ரிப்பீட்டரில் தினமும் காலையில் பெரியவர்கள் சிலர் முட்டிவலி, மழை, டயர் விலை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கேட்டு அவர்கள் குரலெல்லாம் பழகிவிட்டது. ஒருநாள் ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, செட்டின் பட்டனை அழுத்தி என் கால் சைனைச் சொன்னேன். பதில் சொன்னவர் என் ஊரைக்கூடக் கேட்கவில்லை. ஆண்டெனா என்ன வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டார்.

தமிழிலும் பேசலாம். கால் சைனை மட்டும் 10 நிமிடத்துக்கு ஒருமுறையும் முடிக்கும்போதும் ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும். ஆனால் கையடக்க செட்டை வைத்துக்கொண்டு சென்னையைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்; அதன் எல்லை பெரும்பாலும் உள்ளூர்தான். கடல் தாண்டிப் பேச வேண்டுமானால் அடுத்த நிலையான ஜெனரலையும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

ஊருக்குப் போகும்போது செட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே அதற்குத் தனி அனுமதி வேண்டும். என்னுடையது ஒவ்வொரு முறையும் நண்பர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.