அயர்லாந்தில் கிராமத்து வேலைக்கூடங்களுக்கு (தொலைவிலுள்ள அலுவலகத்துக்குப் போகாமல் உள்ளூரிலேயே உட்கார்ந்து இணையம் வழி வேலை செய்யும் இடங்கள்) பருவநிலை நிதியிலிருந்தா பணம் தருகிறார்கள்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் பை வேறு. 2018-இல் அறிவித்த ‘புராஜெக்ட் அயர்லாந்து 2040’ திட்டத்தில் பருவநிலை நடவடிக்கைக்கு 50 கோடி யூரோ, கிராமப்புற மேம்பாட்டுக்கு 100 கோடி யூரோ எனத் தனித்தனி நிதிகள். பாழடைந்த பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, மேசையும் வேகமான இணையமும் போட்டுக் கொடுக்க உதவுவது இரண்டாவது. 2021 கிராமக் கொள்கையில் 400 கூடங்களை ஒரே வலையமைப்பில் இணைப்பது இலக்காக இருந்தது.

பருவநிலையோடு தொடர்பு எங்கே என்றால், பயணத்தில். மல்லிங்கார் என்ற ஊரில் இருப்பவர் தலைநகர் டப்ளினுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 160 கிலோமீட்டர் (அதுவும் காலை நெரிசலில்!). உள்ளூர்க் கூடத்திலேயே உட்கார்ந்தால் அந்த எரிபொருள் மிச்சம். ஆனால் கூடத்துக்கே பஸ் இல்லாமல் காரில்தான் போகவேண்டும் என்றால் அந்த மிச்சத்தைப் பெரிதாகச் சொல்லமாட்டேன்.